அவர் பூட்டினார்

திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். செங்கம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. ஆட்டோ இரைச்சலில் கேட்க முடியாதென்று, செல்போன் தானாகவே கீழே எழுதிக் காட்டும் வரியைப் படித்தேன். ‘அவர் பூட்டினார் அம்மா’ என்றிருந்தது. அவளுடைய கணவர் முனிரத்தினம் என்னுடன் வேலை பார்ப்பவர். ஆபீஸ் சாவி அவரிடம்தான் இருக்கும். சீக்கிரமே பூட்டிவிட்டுப் போய்விட்டார், அதையும் மனைவியை விட்டுச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. இறங்கி ஓரமாக நின்று கேட்டபோதுதான் அழுகை கேட்டது. “அவரு பூட்டாருமா.” போய்விட்டார் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

மெஷின் செய்த இந்தத் தவறை அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரித்து முடித்ததும், “ஏன் அப்டி கேட்டுச்சி?” என்று ஆரம்பித்திருப்பார்.

திருப்பதியில் அவரை ஆட்டோக்காரராகத் தெரிந்தவர்கள்தான் அதிகம். கடைசி மூன்று வருடம் அவர் செய்த வேலை பலருக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போனில் தங்கள் உடம்புக்கு என்னவென்று சொன்னால், மெஷின் அதை எழுத்தாக்கி, தெலுங்கிலும் மாற்றி, டாக்டர் முன்னால் வைக்க வேண்டும். அதற்காக மெஷினுக்குப் பேச்சைப் பழக்கிக்கொண்டிருந்தோம். அவர் தன் ஊரான குடிபாலாவிலும் சுற்றுப்பட்டிலும் போய், ஒப்புக்கொண்டவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருவார். நான் கேட்டு, தட்டச்சு செய்து, ‘சரி’ அல்லது ‘பயன்படாது’ என்ற இரண்டு பட்டன்களில் ஒன்றை அழுத்துவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் கொண்டுவந்ததில் பாதிக்கு ‘பயன்படாது’ போட்டேன். தமிழ் எம்.ஏ. படித்த கர்வம். “ரெண்டு நாளா சோறு துன்ன முடில, படுத்துக்கினே கெடக்கறேன்” என்று ஒரு பெரியவர் பேசினால் அது எனக்குத் தமிழாகவே படவில்லை. முனிரத்தினம் அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார்.

“இன்னாம்மா, எங்க ஊரு மொத்தமும் பயன்படாதுன்னு போட்டுக்கிற?”

“சரியான தமிழ் இல்லையேண்ணா.”

“இருக்கட்டும். நீ புத்தூர் பக்கந்தான? உங்க நைனாவ சாப்ட எப்டி கூப்புடுவ?”

அப்பாவை நான் ‘வந்து துன்னு நைனா’ என்றுதான் கூப்பிடுவேன். அது அவருக்கும் தெரியும்.

“ஒடம்பு நோவறப்ப யாரும் கிளாஸ்ல பேசற மாதிரி பேசமாட்டாங்கம்மா. அன்னிக்கி இந்த மெஷினு ஒன்னியே பயன்படாதுன்னு தள்ளி வுட்டுதுன்னா?” என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி கேட்டுத் திருத்தினேன்.

மெஷினைக் கண்டு பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர் இரண்டிலும் சேரவில்லை. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பதுபோல அதை விசாரித்துக்கொண்டே இருப்பார். இஞ்சினியர் பையன்களிடம் ஒருமுறை, “நாம பேசறப்ப அது நடுவுல ‘ம்’ கொட்டுமா?” என்று கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கொட்டலன்னா எங்காளுங்க லைன் கட் ஆயிடிச்சின்னு வச்சிடுவாங்கப்பா” என்றார். அடுத்த மாதம் அது ‘ம்’ கொட்டியது.

சோதனைக்காக ஒருநாள் அவரே போனில் பேசினார்: “எங்க நைனாவுக்கு மூச்சு வாங்குது.” தெலுங்கில் வந்த குறிப்பில், குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்றிருந்தது. தெலுங்கில் சின்னப் பிள்ளையையும் கொஞ்சலாக நாயனா என்பார்கள் அல்லவா? நல்ல வேளை, சோதனை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தார். “அதுக்கு ரெண்டு பாஷையும் வருதும்மா. எந்த வூட்டுக்குள்ள நிக்கறோம்னுதான் தெரில” என்றார். பிறகு நைனா என்ற சொல் வரும் பேச்சை மட்டுமே தேடி ஊர் ஊராகப் போனார்.

அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் இன்னொன்றும் கேட்டார். “நாளைக்கி பசங்க இதுகிட்டயே பேசி வளரும். அப்ப பசங்க நம்ம பேச்சு பேசுமா, இது பேசற பேச்சு பேசுமா?”

எங்களிடம் குரல் கொடுப்பவர்களின் ஒப்புதல் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. உங்கள் குரலைக் கேட்டு மெஷின் கற்றுக்கொள்ளலாமா என்பது ஒன்று. உங்கள் குரலிலேயே மெஷின் பேசலாமா என்பது மற்றொன்று. ஆபீஸில் நாங்களும் குரல் கொடுத்தோம். எல்லோரும் இரண்டிலும் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். அவர் முதல் கட்டத்தில் மட்டும் அடித்தார். ஏன் என்று கேட்டேன்.

“கேக்கறதுக்கு என் கொரல வச்சிக்கட்டும். பேசறதுக்கு வேணாம்மா. நான் சொல்லாதத எங்கொரல்ல சொல்லும். மருந்து மாத்தி சொல்லிட்டா, எதிர்ல நின்னு பதில் சொல்ல நான் இருப்பனா?”

காரியம் முடிந்த மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மருத்துவ உதவிக்குப் பேச ஒரு குரல் தேவைப்படுகிறது, முனிரத்தினத்தின் குரலைக் கேட்டால் ஜனங்கள் பயமில்லாமல் பேசுவார்கள், அவர் மனைவி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். மேனேஜர் சொன்னதில் பொய் இல்லை. அதைவிட, எனக்கே ஆசையாக இருந்தது. “இன்னாம்மா” என்று அந்தக் குரல் மறுபடி கேட்கும் என்றால் எந்தப் படிவத்தையும் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று தோன்றியது. ஓடவும் செய்தேன்.

செங்கம்மா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அவரு டிக் போட்டாரா?”

“கேட்கிறதுக்குப் போட்டார். பேசறதுக்குப் போடலை.”

“எனக்கும்தான் அவரு கொரல கேக்கணும் போல கீது” என்று சொல்லி அழுதாள். பிறகு படிவத்தை என் கையிலேயே கொடுத்தாள். “அவரு பூட்டாருமா. பூட்டவர ஏன் பேச வெக்கிற? வேணும்னா எங்கொரல எடுத்துக்கோ, கேக்கறதுக்கு.”

மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், அவரோடு பழகிய உங்களிடம் அவருடைய சிரிப்போ ஆட்டோ பயணமோ இருக்கும். என்னிடம் இருப்பது அவருடைய கேள்விகள். எந்தப் புது மெஷின் வந்தாலும், இது யாருடைய வீட்டுக்குள் நிற்கிறது, தப்பாகச் சொன்னால் எதிரில் நின்று பதில் சொல்வது யார் என்று இப்போது நானும் கேட்கிறேன்.

அன்று எனக்கு அனுப்பிய அந்தக் குரல் செய்தியையும் எடுத்துக்கொள்ளச் செங்கம்மா அனுமதித்திருந்தாள். நேற்று அது என் வரிசைக்கு வந்தது. எங்கள் மெஷினும் ‘அவர் பூட்டினார் அம்மா’ என்றே எழுதியிருந்தது. அதை அழித்துவிட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் ‘அவரு பூட்டாருமா’ என்று அடித்தேன். பொருள் என்ற இடத்தில் ‘போய்விட்டார்’ என்று எழுதினேன். மிச்சமிருந்தது ஒரு பட்டனை அழுத்துவதுதான். வெகுநேரம் விரல் போகவில்லை. பிறகு ‘சரி’யை அழுத்தினேன்.