சமையலறையில் தலைகீழாய் நின்ற சைக்கிள்

நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் எங்கள் கால்வாய்த் தெரு வுப்போவைப் போல வீட்டிலேயே சைக்கிள் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவன் வேறெவனும் இல்லை. இனி ஒருத்தன் வேண்டவும் வேண்டாம்.

எல்லாம் ஒரு பஞ்சரில் தொடங்கியது. டயரைக் கிளப்ப சூப் கரண்டிகளை வளைத்தான். அதில் ஒன்று வளைந்த வளைவுக்கு, பக்கத்து அறையில் இருப்பவருக்கே சூப் ஊட்டலாம். பிறகு டயர் நெம்புகோல் வாங்கினான். அப்புறம் ஸ்பேனர், செயின் கழற்றி, பெயர் தெரியாத ஏதோ ஒரு கொக்கி. ரொட்டிப் பெட்டியில் கிரீஸ் டப்பா குடியேறியது.

அந்தக் குளிர்காலத்தில்தான் மனைவி ஹில்யாவின் இடது பெடல் வளைந்தது. வீடு வீடாய்ப் போய் முதியவர்களுக்குக் கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை மாட்டிவிடுவது அவள் வேலை. சைக்கிள் இல்லாமல் அவள் நடந்தே போய்ச் சேர்வதற்குள், பாதிக் கிழவர்கள் மதியம் வரை வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கடையில குடுத்துடறேன் வுப்போ."

"கடையிலயா? அப்புறம் இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? நான் கழட்டறேன்."

சைக்கிளைச் சமையலறையில் தலைகீழாய் நிறுத்தி, எல்லா மரையையும் போல இடப்பக்கமாகத் திருகினான். அசையவில்லை. நீள ஸ்பேனர் வாங்கினான். அதைவிட நீளமாய் இன்னொன்று. கடைசியில் ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி அவன் இழுத்த இழுப்பில் வீடே கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது. வாத்துகள் எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்தன. பெடல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் நீளமா ஒண்ணு கெடைச்சா..."

"உனக்குத்தான் மரை கழண்டுடுச்சு, ராசா!"

அரசர் பிறந்தநாள் வந்தது. ஊரே ஆரஞ்சு நிறத்தில், வாசலில் போர்வை விரித்து, வீட்டிலிருக்கும் வேண்டாத சாமான்களை விற்கும் நாள். வுப்போ விடியும்போதே நீள ஸ்பேனர் தேடிக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் ஹில்யா ஆரஞ்சு டோப்பாவை மாட்டிக்கொண்டு, தெருக்கோடியில் போர்வை விரித்து, அவன் கருவிகள் அத்தனையையும் பரப்பினாள்.

ஊர் சுற்றி வெறுங்கையோடு திரும்பியவன் அங்கே நின்றான். கண் முழுக்க இரும்பின் மேல்.

"அடேயப்பா! என்ன மாதிரி ஸ்பேனர்! இதை வச்சிருந்தவன் வெவரமானவன்மா."

"முட்டாப்பய," என்றாள் டோப்பாக்காரி. "மொத்தமா எடுத்தா கொறச்சுத் தரேன்."

காசை எண்ணிக் கொடுத்து, மொத்தமாக எடுத்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் அந்தக் காசோடு ஹில்யா கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் முக்கி முனகி வலப்பக்கம் திருகினார், பெடல் வந்துவிட்டது.

"இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்மா. எவனோ குளிர்காலம் பூரா இதை இறுக்கிக்கிட்டே இருந்திருக்கான்."

புதுப் பெடலை மிதித்து வீடு வந்தவளைப் பார்த்து வுப்போ துள்ளினான்.

"பாத்தியா! நல்ல ஸ்பேனர் வீட்டுக்கு வந்ததுமே பெடல் தானா வழிக்கு வந்துடுச்சு! சரி, எறங்கு. வலது பெடலையும் ஒரு தடவ..."

ஹில்யா இறங்கவில்லை. அன்றிரவு சூப்பைச் சைக்கிள் மேல் உட்கார்ந்தே குடித்தாள்.