நான் ஏற்றிப் பேசினேன், அவர் இறக்கிப் பேசினார்

நாற்பத்து நான்காம் வருஷம், தை மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். திருத்தணியில் ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் ஒரு ஓட்டு வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும் இருந்தோம். என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கேயோ என்றுதான் சொல்ல முடியும். கடிதத்தில் ஊர்ப் பெயர் எழுதினால் மை பூசி அழித்துவிடுவார்கள். அவர் எனக்குச் சொந்த அத்தை மகன். அதனால் அவரைப் பாவா என்றும் மாமியாரை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன்.

பட்டாளத்துக்குப் போகுமுன் எனக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். காலால் மிதிக்கிற மிஷின். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். ஜாக்கெட், கவுன், பாவாடை எல்லாம் நன்றாகவே தைப்பேன். ரொக்கம் கொடுத்து வாங்க எங்களுக்கு ஏது வசதி? மாதம் பத்து ரூபாய் தவணை. கம்பெனி ஆபீஸ் பட்டணத்தில் இருந்தது. வசூல்காரர் ஒருவர் மாதாமாதம் ரயிலில் வந்து வாங்கிக்கொண்டு போவார். பாவா அனுப்புகிற மணியார்டர் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். தவணையை நான்தான் தைத்துக் கட்ட வேண்டும். பாதிக்கு மேல் கட்டியும் விட்டேன்.

அப்புறம் துணிக்குக் கன்ட்ரோல் வந்தது. கடைக்குப் போனால் துணி இல்லை; இருந்தால் விலை கேட்கவே பயமாக இருந்தது. முந்தின கிறிஸ்மஸுக்கே எங்கள் சபையில் பாதிப் பிள்ளைகள் பழைய கவுனில்தான் வந்தார்கள். துணியே இல்லாத ஊரில் தையல்காரிக்கு என்ன வேலை? மூன்று தவணை நின்றுபோயிற்று.

முதல் தடவை வசூல்காரர் முகம் சுளித்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை தெரு கேட்கிற மாதிரி பேசினார். மூன்றாம் தடவை வேறு விதமாக வந்தார். குரலைத் தாழ்த்தி, "மேனேஜர் ரொம்பக் கறாரான ஆளும்மா. வர்ற வாரம் வண்டி அனுப்பி மிஷினை எடுத்துகினு வரச் சொல்லிட்டாரு. நான் சொன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வெப்பாரு. எனக்கு மட்டும் ஏதாவது பார்த்துச் செய்ங்க" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. தவணைக்கே காசு இல்லாதவளிடம் இவருக்குத் தனியாக வேண்டுமாம். "உங்களுக்குக் குடுக்கக் காசு இருந்தா அதைக் கம்பெனிக்கே கட்டமாட்டேனா? போய் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்தின பிறகுதான் நிலைமை உறைத்தது. மிஷின் போனால் அதோடு கட்டின பணமும் போயிற்று. கம்பெனிச் சட்டம் அப்படி. அதைவிட, பாவா திரும்பி வரும்போது அந்த மூலை காலியாக இருக்குமே என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தை ஒரு யோசனை சொன்னார்கள். திருவாலங்காட்டில் அவர்கள் தம்பி, அதாவது என் சித்தப்பா வீடு இருக்கிறது. "ராவோட ராவா வண்டி கட்டி அங்க அனுப்பிடலாம். வைக்கோல் போருக்குள்ள வெச்சிட்டா எவன் வந்து தேடப் போறான்? கேட்டா திருடு போச்சுன்னு சொல்லிடு" என்றார்கள். தெருவில் இன்னும் இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். கடன் கொடுத்தவனைக் கண்டால் ஒளிய வேண்டும் என்பது எல்லோருக்கும் பாடமாகி இருந்தது. நேரே போய்ப் பேசலாம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் ரோஷம். எவனோ வந்து தெருவே பார்க்க என் மிஷினை வண்டியில் ஏற்றுவதா? எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் நானே கொண்டுபோய் அந்த மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, கட்டின பணத்துக்கு என்ன பதில் என்று கேட்டுவிட்டு வருகிறேன். அத்தை தடுத்துப் பார்த்தார்கள். "உனக்கு வாய் ஜாஸ்திடி, ஜெயில்ல போட்டுடப் போறாங்க" என்று அழுதார்கள். நான் கேட்கவில்லை. திருகாணியைக் கழற்றி, மிஷின் தலையை மட்டும் எடுத்து, ஒரு பழைய புடவையில் சுற்றினேன். இரும்புதானே, கனம் இடுப்பை முறித்தது.

அரக்கோணத்தில் வண்டி மாறினேன். யுத்தகாலத்துக் கூட்டம். கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்து, ஐயோ பாவம், கைக்குழந்தை என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தாள். "அசையவே இல்லியே, ஜுரமா?" என்று புடவையைத் தொட்டுப் பார்த்தவள் சில்லென்று இருக்கவும் பதறிப்போனாள். விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

திருவாலங்காடு ஸ்டேஷன் வந்தது. சொன்னால் என்ன, அங்கே எனக்கு மனசு தடுமாறிவிட்டது. இறங்கினால் சித்தப்பா வீடு. வைக்கோல் போர். யாருக்கும் தெரியாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேகூட நின்றுவிட்டேன். அப்போது ஒன்று தோன்றியது. வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்த மிஷினில் நான் எதைத் தைப்பது? திருடு போன மிஷினின் சத்தம் என் வீட்டில் கேட்கக்கூடாதே. அப்புறம் அது இருந்தும் ஒன்றுதான், போயும் ஒன்றுதான். திரும்ப உட்கார்ந்தேன். அடுத்த ஸ்டேஷனான மணவூர் தாண்டிய பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

பட்டணத்தில் கம்பெனி ஆபீஸ் மாடியில் இருந்தது. மூட்டையோடு படி ஏறினேன். வாசலில் இருந்த குமாஸ்தா, தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் வரவேண்டும், வேறு யாரிடமும் பேச முடியாது என்றார்.

"அவர் வரணும்னா சண்டை நிக்கணும். நீங்க சொல்லி நிறுத்துங்க, நான் அவரைக் கூட்டிகினு வர்றேன்" என்றேன்.

உள்ளேயிருந்து யாரோ சிரித்துக்கொண்டே இருமுகிற சத்தம் கேட்டது. அவர்தான் மேனேஜர். கறாரான ஆள் என்றதும் மீசையும் கம்பும் வைத்த ஆளாக நினைத்து வைத்திருந்தேன். பார்த்தால் முப்பத்தைந்து வயசுக்காரர், கழுத்தில் மப்ளர், ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து, எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறார். நான் மூட்டையை அவிழ்த்து மிஷினை மேஜையில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

"இதை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க. வண்டிக் கூலி மிச்சம்."

அவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக மிஷின்கள், எல்லாம் தவணை கட்டாதவர்களிடமிருந்து எடுத்து வந்தவை. மேலே தூசி படிந்திருந்தது. "துணியே கிடைக்காத காலத்துல இதையெல்லாம் எவன் வாங்குவான்? இன்னொண்ணை வெச்சு நான் என்ன பண்றது? எனக்குத் தவணைதான் வேணும். எவ்வளவு கட்டுவீங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அதே நேரம் வீறாப்பும் வந்தது. ஏழை என்று நினைத்துவிடக் கூடாதே. "பழையபடி பத்து ரூபா. நின்னுபோன பாக்கிக்கு மேல ரெண்டு. மாசம் பன்னெண்டு கட்டிடறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எப்படி?"

"புதுத் துணிதானே இல்ல, பழைய துணி இருக்குதே" என்றேன். உண்மையாகவே சமீபத்தில்தான் அதைத் தொடங்கியிருந்தேன். ஸ்டேஷன் ஆட்களின் சட்டைக் காலர் நைந்திருந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பேன். கிழிந்த இரண்டு புடவையில் நல்ல பாகத்தை வெட்டி இணைத்து ஒரு புடவை ஆக்குவேன். துணி கிடைக்காத வரைக்கும் இந்த வேலை ஏறத்தான் செய்யும், குறையாது என்று அவருக்கு விளக்கினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"வாரத்துக்கு எவ்வளவு வருது?"

"ரெண்டரை வரும்."

"நூல் யாரு வாங்கறது? கறுப்பு மார்க்கெட்ல நூல்கண்டு என்ன விலைன்னு எனக்குத் தெரியும்."

நூலை நான் மறந்தே போயிருந்தேன். ஊசி, விளக்குக்கு மண்ணெண்ணெய், எல்லாவற்றையும் அவரே கேட்டார். கேட்கக் கேட்க என் பன்னிரண்டு ரூபாய் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர், "மூணு ரூபா கட்டுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "மூணா? நாங்க பிச்சை கேக்க வரலீங்க. பத்து கட்டறேன்."

"மூணு."

"எட்டு."

குமாஸ்தா எழுந்து வந்து வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தார். கொடுக்க வேண்டியவள் ஏற்றுகிறாள், வாங்க வேண்டியவர் இறக்குகிறார். எந்தச் சந்தையில் நடக்கும் இது? மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாருங்கம்மா. இது தர்மம் இல்ல, என் வியாபாரம். நீங்க பெரிய தொகை சொல்லிட்டுப் போவீங்க. ரெண்டு மாசம் பட்டினி கிடந்து கட்டுவீங்க. மூணாவது மாசம் எங்க ஆளைப் பார்த்ததும் பின்பக்கமா ஓடுவீங்க. அந்த ரூம்ல இருக்கே, அதெல்லாம் பெரிய தொகை சொன்னவங்க மிஷின்தான்" என்றார்.

என் வாய் அடைத்துப்போனது. வாழ்க்கையில் ரொம்பச் சில தடவைதான் அது நடந்திருக்கிறது. அந்த அறையை இன்னொரு தடவை பார்த்தேன். ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலும் என்னைப் போல ரோஷக்காரி ஒருத்தி நின்று பத்து, பன்னிரண்டு என்று சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. "நாலு கட்டறேன். அது என்னால முடியும்" என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆங், நாலு" என்று ஒப்புக்கொண்டார்.

முடிவானதும் எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. வசூல்காரர் இனிமேல் என் வீட்டுப் படி ஏறக்கூடாது, நான் தபாலாபீஸிலிருந்து மணியார்டர் அனுப்புகிறேன் என்றேன். சரி என்றார். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். தவணை நின்றதற்குப் போட்ட அபராதத்தைத் தள்ளுங்கள் என்றேன். அதற்கு மட்டும் அசையவில்லை. "விடாம கட்டி முடிங்க, அப்ப பார்க்கலாம்" என்றார். வந்தது வந்தாயிற்று என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னார். அந்த எண்ணெய்க்குக் காசும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கியதும் அத்தை அதை அவிழ்த்துப் பார்த்து, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடந்ததைச் சொன்னேன். "கடன் குடுத்தவன் குறைச்சுக் கேட்டானா? உனக்கு வெயில்ல பித்தம் ஏறிப்போச்சு" என்றார்கள். எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

அன்றிலிருந்து காலர் திருப்பித் திருப்பி, ஸ்டேஷன் ஆட்களில் யாருக்கு எவ்வளவு கழுத்து என்று பார்க்காமலே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நாலு ரூபாய் ஒரு மாதமும் தவறவில்லை. நடுவில் அத்தைக்கு டைபாய்டு வந்து, மருந்துக்கும் பாலுக்கும் கையில் இருந்ததெல்லாம் கரைந்தது. அந்த மாதமும் நாலு ரூபாயைப் புரட்ட முடிந்தது. பன்னிரண்டாக இருந்திருந்தால் நான் பின்பக்கமாகத்தான் ஓடியிருப்பேன். கடைசித் தவணை கட்டி முடித்தபோது, அபராதத்தில் பாதியைத் தள்ளியிருப்பதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முழுசாகத் தள்ள அவருக்கு மனசு வரவில்லை போலும். நானும் மீதிப் பாதியைச் சந்தோஷமாகவே அனுப்பி வைத்தேன்.

யுத்தம் முடிந்து பாவா ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். கறுத்து, மெலிந்து, ஆனால் கை கால் சுகமாக. நான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "இன்னும் இருக்குதா? தவணை கட்ட முடியாம எடுத்துகினு போயிருப்பாங்கன்னு நினைச்சுகினே வந்தேன்" என்றார். அத்தை அழுது ஓய்ந்து, அவர் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்த எல்லாக் கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"நாலு ரூபாதானா? நான் இருந்திருந்தா மாசம் பதினைஞ்சு கட்டறேன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்க பாவா. மிஷின் அந்த ரூம்ல தூசி தின்னுகினு இருந்திருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் நிலத்துக்குக் கடன்பட்டோம், மகள் கல்யாணத்துக்குக் கடன்பட்டோம், யாரிடமிருந்தும் ஒளியவில்லை. முடியாத மாதத்தில் நானே கொடுத்தவர் வீட்டுக்குப் போய் முதலில் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டால், ரோஷத்தில் வாய்க்கு வருகிற முதல் தொகையை விழுங்கிவிட்டு என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று எனக்குப் புரியவைத்தவர், நான் பணம் கொடுக்க வேண்டியிருந்த அந்த மனிதர்தான்.