விட்டுப் போச்சு, மறுபடி ஊதும்மா

இரண்டு வருடங்களுக்கு முன்னால், அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரயில், உள்ளே ஐம்பது வாண்டுகள், தலைக்கு மேலே கடகடவென்று ஃபேன். கத்தாமல் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது.

மாலையில் பீர்க்கன்கரணை வீட்டுக்கு வரும்போது தொண்டையில் வெறும் காற்றுதான் மிச்சம் இருக்கும். வீட்டில் என் மாமனாருக்குக் காது மந்தம். மெஷின் வைத்தால் இரைச்சல் என்று கழற்றிவிடுவார். நானோ மிச்சக் குரலைக் காப்பாற்றுவதாக நினைத்து, கிசுகிசுவென்று பேசியும் கையை ஆட்டியும் சமாளிப்பேன்.

ஒரு நாள் அவர் என் கணவரிடம் சொன்னார். "அவளுக்கு என் மேல ஏதோ கோவம்டா. முகம் குடுத்துப் பேசறதே இல்ல. நான் பெரியவன் வீட்டுக்கே போயிடறேன்." ரகசியமாகத்தான் சொன்னார், பாவம். அது தெருமுனை வரை கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே குரல் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் போனேன். மிளகு, பனங்கற்கண்டு என்று நான் அடுக்கிய வைத்தியத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "முதல்ல கிசுகிசுன்னு பேசறத நிறுத்துங்க மிஸ், அதுவும் தொண்டைக்கு ஸ்ட்ரெயின்தான். குரலுக்கும் எக்சர்சைஸ் வேணும்" என்றார். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவை உள்ளே விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்தபடியே ஊத வேண்டும். குமிழி விட்டுப்போகாமல் ஒரே சீராக வர வேண்டும்.

வீட்டில் ஊத ஆரம்பித்ததும் மாமனார் எதிரில் வந்து உட்கார்ந்தார். "என்னம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்?" என் கணவர் அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் விளக்கினார். மாமனார் என் பக்கம் திரும்பி, "அப்போ என் மேல கோவம் இல்லியா?" என்றார். இல்லை என்று வேகமாகத் தலையாட்டினேன்.

அன்று முதல் காலையும் மாலையும் அந்த நாற்காலி அவருடையது. என் குரல் அவருக்குக் கேட்காது. ஆனால் குமிழி தெரியுமே. கொஞ்சம் தடுமாறினால் போதும், "விட்டுப் போச்சு, மறுபடி ஊதும்மா" என்பார். பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகூட என்னை இப்படிக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்ததில்லை. நான் டிமிக்கி கொடுக்க நினைக்கும் நாட்களில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருப்பார்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. வாரங்கள் போகப் போகத்தான் தொண்டை வலி குறைந்தது. ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்ததும் சமையலறையிலிருந்தே, "மாமா, காபி போடவா?" என்று கேட்டேன். ஹாலில் இருந்தவர் திரும்பி, "சர்க்கரை கம்மியா போடும்மா" என்றார். நான் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் மூத்த மகன் வீட்டுக்குப் போகவில்லை. பயிற்சி சொல்லித்தந்த அந்தப் பெண்ணுக்கு அப்போதே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் தன் காதுக்கு எட்டாதிருந்த ஒரு குரலுக்காகத் தினமும் எதிரில் வந்து உட்கார்ந்த மனிதருக்கு, எவ்வளவு உரக்கச் சொன்னாலும் என் நன்றி போதாது என்றே இன்றும் தோன்றுகிறது.