கேத்தலுக்குள் வெள்ளைக் காறை

எங்கள் கக்கூஸ்தான் ஆறு வீட்டுத் தண்ணீரையும் குடிக்கிறது என்று தொழிலாளர் நலன் பார்க்கும் தோட்டத்து வெல்பெயார் ஐயா தீர்ப்புச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. நிவித்திகலைப் பக்கத்தில் ஒற்றை அறை வரிசையான லயத்தை விட்டுப் புதுவீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆறு வீட்டுக்கும் குழாய்க்கிணற்றுத் தண்ணீர், ஒரே டாங்கி. காலையில் நிரப்பினால் மத்தியானம் காலி. எங்கள் கொமட்டில் எந்நேரமும் தண்ணீர் ஓடும் சத்தம். "ஒங்க வீட்டுல களுகங்கையா ஓடுது?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

"லயத்து ஆளுங்களுக்குக் கொமட்டு பாவிக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஒங்க தண்ணி லைன வெட்டிருவேன்," என்றார் ஐயா. வெட்டினால் நானும் அக்காவும் பழையபடி தேயிலைக்குள் ஒதுங்க வேண்டும்.

அம்மா அழவில்லை. மிச்சமிருந்த பிளேன்டீயைக் கொமட்டுக்கு மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற்றினாள். யாரும் தண்ணீர் இழுத்துவிடவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சாயம் கீழே கோப்பைக்குள் இறங்கியது. தண்ணீரைப் பூட்டிவிட்டு, அடியில் அடைக்கும் ரப்பரைக் கழற்றினாள். அதிலும் அது உட்காரும் விளிம்பிலும் வெள்ளைக் காறை. தண்ணீர் கொதிக்கவைக்கும் எங்கள் கேத்தலுக்குள் பிடிக்கும் அதே காறை. கேத்தலுக்குச் செய்வதையே இதற்கும் செய்தாள். கொறக்காப்புளியைக் காய்ச்சி ஆறவிட்டு, ரப்பரை ஊறப்போட்டாள். விளிம்பை அந்தத் தண்ணீர் தொட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். மீன்குழம்புக் கொறக்கா முழுக்கக் கக்கூசுக்குப் போனதில் அப்பாவுக்கு வருத்தம். மறுநாள் ரப்பரை மாட்டியதும் சத்தம் நின்றது.

"நின்னுருச்சுல்ல, விடேன்," என்றார் அப்பா. அம்மா விடவில்லை. கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஐயாவின் குவாட்டர்ஸுக்கே போனாள். நானும் பின்னால் போனேன். அவருடைய மேசையில் கேத்தலைக் கவிழ்த்துத் தட்டினாள். வெள்ளைச் செதில்கள் கொட்டின.

"பாவிக்கத் தெரியாம இல்லங்கய்யா. நீங்க குடுக்குற தண்ணியில சுண்ணாம்பு. வெட்டுறதுன்னா அந்தக் கெணத்து லைன வெட்டுங்க."

ஐயா உள்ளே போய்த் தன் கேத்தலைக் கொண்டுவந்து காட்டினார். "இதுலயும் தண்ணிதான் கொதிக்குது. உள்ள பாரு, கண்ணாடி மாதிரி. கழுவணும்."

அம்மா உள்ளே உற்றுப் பார்த்தாள். சிரித்தாள். "நல்லாத் தெரியுதுங்கய்யா," என்றாள். அவர் கேத்தலை வெடுக்கென்று உள்ளே எடுத்துப் போனார். லைனையும் வெட்டவில்லை.

திரும்பும்போது, ஐயா வீட்டில் நன்றாகத் தேய்ப்பார்கள் போல என்றேன்.

"தேய்ப்பாங்க, தேய்ப்பாங்க," என்றாள் அம்மா.

மலை ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் எங்கள் வீடுகளைத் தாண்டி, நேரே குவாட்டர்ஸுக்கு இறங்கும். பாதையில் அது குறுக்கே கிடந்தது. அம்மாவின் கால் அதில் ஓங்கிப் பட்டது. பாவம், தடுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.