சுவரைப் பார்த்த அந்தோனியார்

பாலையூற்றில் ஒரு பொருள் காணாமல் போனால் சனம் பொலிஸுக்கு ஓடியதில்லை, கித்தேரியம்மாவிடம்தான் ஓடியது. அடையாள அட்டை, ஆட்டுக்குட்டி, மோட்டார் சைக்கிள் திறப்பு, ஒருமுறை மோட்டார் சைக்கிளே! வந்தவர் கிறிஸ்தவ வேதமா சைவமா இஸ்லாமா என்று அந்த மனுசி பார்த்ததே இல்லை. கதையை முழுக்கக் கேட்பார், நடுவில் கவலையீனத்துக்கு நாலு ஏச்சும் கொடுப்பார். பிறகு முன்னறைக்குப் போய், மேசையில் நிற்கும் அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்.

"தேடிக் குடுக்குமட்டும் உப்பிடியே நில்லும்!"

புனிதரை இப்படித் தண்டிக்கலாமா என்று பங்குச் சுவாமி ஒருநாள் மெல்லக் கேட்டார். "எங்கட ஆள்தானே சுவாமி, கோவிக்கமாட்டார்" என்றார் கித்தேரியம்மா. காலைப் பூசை தவறாதவர், தவக்காலத்தில் இறைச்சிச் சட்டியைக் குசினிக்குள்ளேயே விடாதவர், செபமாலை உருட்டி உருட்டி விரல் காய்த்துப்போனவர். அவரோடு வாதாடச் சுவாமிக்கு மட்டும் பைத்தியமா?

இந்த வேலைக்கு அவர் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். என்ன கேட்டது என்பதை, கிடைக்கும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கிடைத்ததும் அந்தப் பொருளை நேரில் கொண்டுவந்து காட்டித்தான் அந்தோனியாரைத் திருப்ப வேண்டும். அதனால் அந்த முன்னறைக்குள் ஆடு வந்திருக்கிறது. வந்த ஆடு அந்தோனியாரின் பூமாலையைத் தின்றுவிட்டும் போயிருக்கிறது.

போன மாதம் கித்தேரியம்மா கண்ணை மூடினார். மூடும்போது அந்தோனியார் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

மருமகள் ஜெயரூபி பொறுத்துப் பார்த்தாள். யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்து, "என்ர சாமான் கிடைச்சிட்டுது" என்று சொல்லுவார்கள், திருப்பிவிடலாம் என்று காத்திருந்தாள். செத்தவீட்டுக்கு ஊரே வந்தது; அப்படிச் சொல்ல ஒருவரும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்க அந்தோனியார் திருநாளும் வந்துவிட்டது! ஒவ்வொரு வருசமும் அன்று பின்னேரம் அந்த வீட்டுச் சுரூபம்தான் பூக்கூட்டில் ஏறிப் பவனியின் முன்னால் போகும்.

"பேசாமல் திருப்பி வையும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் டெஸ்மன், கித்தேரியம்மாவின் ஒரே மகன்.

"எனக்குத் தெரியுமே. ஏலாது."

ஜெயரூபி சைவ வீட்டுப் பிள்ளை. கலியாணத்துக்குத்தான் ஞானஸ்நானம் எடுத்தவள். 'அந்தப் பிள்ளைக்கு எங்கட முறை என்ன தெரியும்' என்று கோயில் வாசலில் இரண்டொருவர் கதைத்தது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் மாமி கடைசியாகக் கையைப் பிடித்து, "அந்தோனியாரை நீ பார், பிள்ளை" என்று சொன்னது அவளிடம்தான். பெற்ற மகனிடம் அல்ல. அந்தச் சொல்லை முதல் வருசமே கோட்டைவிடுவதா? விடமாட்டாள்!

அவளிடம் ஒரேயொரு துப்பு இருந்தது. மாமி படுக்கையில் விழுந்த பிறகும் தினமும் காலையில் அந்தோனியாரின் முதுகைப் பார்த்து ஏசுவார். ஒருநாள் தேத்தண்ணியோடு போனபோது அது காதில் விழுந்தது: "அவளைக் கொண்டு வாரும், கெதியாய்க் கொண்டு வாரும்."

அவளை! அப்படியென்றால் அது சாமான் இல்லை, ஆள்.

வாசலில் ஓட்டோ கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குணரத்தினத்திடம் ஓடினாள். "அண்ணை, மாமி ஆரையும் தேடினவவோ?"

குணரத்தினம் யோசித்தார். "என்ர ஆடு துலைஞ்சதுக்குக் கேட்டவ. அதுவும் பொட்டை ஆடுதான். ஆனா அது அண்டைக்கே வந்திட்டுது, பிள்ளை. மாலையைத் திண்டதும் அதுதான்."

ஆடு இல்லை. வேறு யார்? பின்னால் வந்து நின்ற டெஸ்மனின் முகம் திடீரென்று மாறியது. "கேக் பெட்டி" என்றான்.

ஜெயரூபிக்கு உடனே விளங்கியது. நத்தாருக்கு நத்தார் கிண்ணியாவில் மாமியின் சிநேகிதி சுபைதா வீட்டுக்கு ஒரு பெட்டி கேக் போகும், பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். போன நத்தாருக்குக் கொண்டுபோன பெட்டியை, வீடு பூட்டிக்கிடக்கிறது என்று டெஸ்மன் திருப்பிக் கொண்டுவந்தான். மாமி அதை ஒருவரையும் தொடவிடாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் அவருடைய போன் கிணற்றுக்குள் விழுந்து, நம்பர்களெல்லாம் தண்ணீரோடு போயிருந்தன.

கித்தேரியம்மாவுக்கும் சுபைதாவுக்கும் உறவு தொடங்கியதே ஒரு சண்டையில். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். தைத்த பள்ளிக்கூடச் சட்டைகளோடு கித்தேரியம்மா அக்கரைக்கு ஆள் ஏற்றும் பாதைப் படகில் போகிறார், நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டது! படகு கடல் பக்கம் இழுபடுகிறது. கித்தேரியம்மா எழும்பி நின்று, துறைமுகத்துக்கே கேட்கும் குரலில் செபமாலை சொல்லத் தொடங்கினார். அருகில் இருந்த சுபைதா கண்ணை மூடிக்கொண்டு துஆ கேட்டார். எஞ்சின் ஓடியது. கரை இறங்கியதும், "நான் கேட்டதாலதான் ஓடினது" என்றார் கித்தேரியம்மா. "நீங்க போட்ட சத்தத்துக்கு அது நிண்டே போயிருக்கும், நான் கேட்டதாலதான் ஓடின" என்றார் சுபைதா. அன்றைக்குத் தொடங்கிய வழக்கு, பாலம் வந்த பிறகும் தீரவில்லை. வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டும் சண்டை, கேக்கைத் தின்றுகொண்டும் சண்டை. இரண்டு பேரும் ஒரு சொல் விட்டுக்கொடுத்தது கிடையாது.

"அண்ணை, ஓட்டோவை எடுங்கோ!" என்றாள் ஜெயரூபி.

"பின்னேரம் பவனியடி!" என்று டெஸ்மன் கத்தியது ஓட்டோச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பாலத்தால் பறந்து கிண்ணியாவுக்குப் போனால் வீடு இன்னும் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் ஜெயரூபி டெஸ்மன் இல்லையே, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப! முன்னால் கடை வைத்திருந்த ஸஹாப்தீனைப் பிடித்தாள்.

"சுபைதா மாமியா? முழங்கால் ஒப்பரேசன் செஞ்சி மகள் ரிப்காட வீட்டில இரிக்காங்க. குச்சவெளியில."

குச்சவெளி! வந்த வழியே திரும்பி, பட்டணத்தையும் தாண்டி, வடக்கே கரையோர றோட்டில் அத்தனை தூரம். ஜெயரூபி குணரத்தினத்தைப் பார்த்தாள். குணரத்தினம் ஏற்கெனவே ஓட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். "என்ர ஆட்டுக்கு மனுசி அழுது செபிச்சவ, பிள்ளை. ஏறு!"

குச்சவெளியில் வீட்டு வாசலில், காலை ஒரு கதிரையில் நீட்டியபடி சுபைதா இருந்தார். ஜெயரூபியைக் கண்டதும் முகமெல்லாம் வெளிச்சம்.

"கித்தேரிட மருமகளா! அவதான் அனுப்பினவவா? எத்தின தரம் போன் எடுத்தன், வேலை செய்யல்ல. என்னை மறந்திட்டாவாக்கும் எண்டு நெனச்சிட்டன் மகள். எங்க அவ, ஓட்டோக்குள்ளயா?"

சுபைதா எட்டி ஓட்டோவைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் ஜெயரூபி ஆளைப் பிடிப்பதைப் பற்றித்தான் நினைத்தாளே தவிர, பிடித்ததும் என்ன சொல்ல வேண்டிவரும் என்று ஒருக்காலும் நினைக்கவில்லை. கீழே குந்தி, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாமி போனதைச் சொன்னாள், கேக் பெட்டியைச் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தோனியாரைச் சொன்னாள்.

சுபைதா நீட்டியிருந்த காலை மெல்லக் கீழே இறக்கினார். பிறகு ரிப்காவைக் கூப்பிட்டார். "என்ட ஊண்டுகோல எடு. நான் போகணும்."

"ஏலாத காலோடயா உம்மா?"

"அவ கூப்பிட்டிரிக்கா. எடு."

ஓட்டோ பாலையூற்றுக்குள் நுழையும்போது பேண்ட் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் ஊர் நிறைந்த சனம். பூக்கூடு வெறுமையாக நின்றது. பங்குச் சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார், டெஸ்மன் சுவாமியைப் பார்த்தான். "சைவக்காரப் பிள்ளையிட்டைக் குடுத்தா உப்பிடித்தான்" என்று ஒரு குரல் கேட்டது. அப்போதுதான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சுபைதாவைத் தாங்கியபடி ஜெயரூபி வந்தாள்.

"விடுங்கோ, விடுங்கோ! துலைஞ்சது கிடைச்சிட்டுது!"

முன்னறை வாசலில் சுபைதா தயங்கினார். "நான் என்ன செய்யணும் மகள்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம் மாமி. சும்மா நில்லுங்கோ. அவர் உங்களைப் பாத்தாக் காணும்."

ஜெயரூபி சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினாள். அந்தோனியாரின் மூக்கில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டு, கித்தேரியம்மாவின் அதே குரலில் ஏசினாள். "இந்தா நிக்கிறா! இவ்வளவு நாளும் எங்க போனனீர்? ஒரு மாசம் முந்திக் கொண்டுவந்திருந்தா உம்மட கை முறிஞ்சிருக்குமோ?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

சுபைதா சிரிக்கவில்லை. அவர் சுரூபத்தைப் பார்க்கவும் இல்லை. அதற்கு மேலே சுவரில், மாலை போட்டு மாட்டியிருந்த கித்தேரியம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பேண்ட் ஓய்ந்திருந்தது.

"கித்தேரி" என்றார். "எஞ்சின ஓட வெச்சவன் அல்லாஹ். ஆனா உன்ட சத்தத்துக்குத்தான் ஓட வெச்சான். அண்டைக்கே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நீ சண்டைக்கு வரமாட்டாய் எண்டுதான் நான் சொல்லல்ல."