சீதேவிப்பிள்ளை பிடுங்கிய கண்டல்

சீதேவிப்பிள்ளையின் புருஷனைத் தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனது. அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. எத்தனையோ முகாம் வாசல்களில் நின்று பார்த்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு அவளே வாவியில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி றால் பிடிக்கிற தொழில்.

அந்த வருடமே மட்டக்களப்பு நகரக் கரையில் சேற்றுத் தண்ணீருக்குள் வேரூன்றி அடர்ந்து நின்ற கண்டல் மரங்களையும் ஆமி வெட்டிச் சாய்த்தது. அதற்குள் இயக்கப் பொடியன்கள் மறைந்து வருவார்களாம். மரம் போக, கரை இடிந்தது. வாய்க்கால் கொண்டுவந்த நகரத்துக் குப்பை வேர்களில் தடைபடாமல் நேரே வாவிக்குள் பரவி நாறியது. றால் குஞ்சு ஒதுங்க இடமில்லை. சில காலைகளில் பிணங்களும் மிதந்தன. வாவி மீன் என்றாலே சனம் முகத்தைத் திருப்பியது.

நாள் முழுக்கத் தடவினாலும் றால் போடும் பறிக்கூடையின் அடி மறையவில்லை. மரம் திரும்ப வந்தால்தான் றால் வரும் என்று அவள் தம்பி யோகராசாவிடம் சொல்லி, எதிர்க்கரையிலிருந்து கண்டல் காய் பொறுக்கி வரச் சொன்னாள்.

"வெட்டினவங்க வளர உடுவாங்களா அக்கா?" என்றான் அவன். ஆனாலும் தோணியில் ஒரு சாக்குக் காய் கொண்டுவந்தான்.

மாரி வெள்ளம் வடிந்ததும் குப்பையை அள்ளி ஒதுக்கிவிட்டுக் காய்களைச் சேற்றில் ஊன்றினாள். தோணிகள் ஏறிவிடாமல் இருக்கப் பக்கத்தில் தடிகள் நட்டு, பழைய சேலைத் துண்டுகளைக் கட்டினாள். கன்றுகள் இலைவிட்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் வீதியில் கண்ணிவெடி வெடித்து ஆமிக்காரர் செத்தார்கள். ஊரைச் சுற்றி வளைத்தவர்கள் கரையில் தடிகளைக் கண்டார்கள். யாருக்கு அடையாளம் போட்டாய் என்று அவளை முகாமில் வைத்து அடித்துக் கேட்டார்கள். றாலுக்கு மரம் நட்டேன் என்ற கதையை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

பிறகு அவளைக் கரைக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, கன்றுகளுக்கடியில் வெடி இருக்குமென்று ஆமிக்காரர் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். "எல்லாத்தையும் நீயே புடுங்கிக் காட்டணுமாம்" என்றான், அதிகாரிக்கு மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பொடியன்.

அவள் குனிந்தாள். தன் கையால் நட்டதுதான் என்று தெரிந்தும், வெடித்துவிடுமோ என்ற பயம் அவளுக்குள்ளும் புகுந்துவிட்டது. முதல் கன்றைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். வேரும் சேறும்தான் வந்தன. அடுத்தது, அதற்கடுத்தது. பாதி வரிசை முடியுமுன்பே ஆமிக்காரருக்குச் சலித்துவிட்டது. சிகரெட் பற்றவைத்துக்கொண்டு கதைத்தார்கள். நிறுத்தச் சொல்லத்தான் எவரும் இல்லை.

கடைசிக் கன்றோடு நிமிர்ந்து மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தாள். "எண்ட மனிசனையும் இப்பிடிச் சந்தேகத்திலதான் கொண்டு போனீங்க. அவர் எங்க எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க தம்பி."

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். பிடுங்கி முடிந்துவிட்டதாம் என்றான் அவன்.

அவளை விட்டுவிட்டுப் போனார்கள். வெல்லாவெளிக்குப் போய் வெள்ளாமை வெட்டிப் பிழைக்கலாம் என்று யோகராசா கூப்பிட்டான். அவள் போகவில்லை. வேர் காயாத கன்றுகளைப் பொறுக்கி, நாற்றத்தில் ஆமி கால்வைக்காத வாய்க்கால் வாயடியில் ஊன்றினாள். இந்தமுறை தடி நடவில்லை. அநேகம் அழுகின, மிஞ்சியவற்றில் பாதியை அடுத்த வெள்ளம் இழுத்துப் போனது. றால் வரவில்லை. சேற்றுப்புண் கணுக்கால்வரை ஏறியபிறகும் அவள் இறங்கி, கன்றுகளை மூடிய குப்பையை அள்ளிக் கரையில் போட்டாள். விடியுமுன் வாய்க்கால் வேறு குப்பை கொண்டுவந்து சேர்த்தது.