முன்னால் உட்கார ஆள்

பௌர்ணமி நெருங்கினாலே எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். கிரிவலக் கூட்டம் வாசலை உரசிக்கொண்டு போகிற செங்கம் ரோட்டில் எங்கள் வீடு. மலையைச் சுற்ற வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதுதான் லாட்ஜ். பாய் விரித்து, வெந்நீர் வைத்து, பாத்ரூம் கழுவி... தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு இது இரண்டாவது உத்தியோகம்.

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாழ்க்கை அவர் கடலில், நான் ஃபைல்களுக்கு நடுவில். அவரும் ஓய்வு பெற்று வந்தபின் புதுச்சேரியில் ஒரு பழைய மோட்டார் யாட்டை வாங்கிப்போட்டார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு துளி அடுப்படி. எங்கள் சனத்துக்கு அது வெறும் ‘போட்டு’.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டப் பூட்டிட்டு ஓடிடலாம். நீயும் நானும் மட்டும்” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தலையாட்டினேன்.

முதல் ஆறு மாதம் இன்ஜினைப் பிரிப்பதிலும் பூட்டுவதிலும் போனது. கடலுக்குக் கிளம்பலாம் என்கிற நேரத்தில் அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணம். அங்கே என் நாத்தனாரிடம், “ஒரு நாள் போட்டுக்கு வாங்க அண்ணி” என்றேன். சும்மா வாய்வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒரு தரம் கூப்பிட்டால் அது மரியாதை. நாலு தரம் கூப்பிட்டால்தான் நிஜமாகவே கூப்பிட்டதாக அர்த்தம். நான் ஒரு தரத்தோடு நிறுத்தினேன். மிச்சம் மூன்று தரத்தையும் இந்த மனுஷன் சொல்லித் தொலைத்தார்.

“கண்டிப்பா வாக்கா. எல்லாரையும் கூட்டிட்டு வா. வரலன்னா நான் பேசமாட்டேன்.”

அடுத்த பௌர்ணமிக்கு ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். கிரிவலத்துக்குப் போகிற பழக்கத்தில் நாத்தனார் எல்லாருடைய செருப்பையும் வேனிலேயே கழற்றவைத்துவிட்டார். “கடல் தாயி மேல செருப்போட போவாங்களா?” என்றார். வெயிலில் காய்ந்த படகுத் தளத்தில் கால் வைத்ததும் ஒன்பது பேரும் குதித்த குதி இருக்கிறதே! கிரிவலத்தில் மலை மாதிரியே கரையும் வலது கைப்பக்கம் இருக்கவேண்டும் என்று வேறு ஒரு பிடிவாதம். அதனால் எப்போதும் கடலூர் பக்கமாகத்தான் போவோம்.

என் வீட்டுக்காரர் எல்லாரையும் படகின் முனையில் உட்காரவைப்பார். “கொடி, மிதவை, வலை, மீன் போட்டு, எது தெரிஞ்சாலும் கத்துங்க. மொதல்ல சொல்றவங்களுக்கு முறுக்கு.” பேரன் பேத்தி உள்ளவர்கள்கூட தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் கீழே பஜ்ஜி போட்டுக்கொண்டும், வாந்தி எடுக்கிறவர்களுக்கு வாளி நீட்டிக்கொண்டும் இருப்பேன். கடலை நான் பார்த்ததெல்லாம் பாத்திரம் கழுவுகிற ஜன்னல் வழியாகத்தான்.

இப்படியே மூன்று வருஷம். இதற்கு நடுவில் காரையும் விற்றார். “பஸ்ஸுல போனா தூங்கிட்டே போலாம்” என்றார். செஞ்சி, திண்டிவனம் என்று மூட்டைகளோடு இடிபட்டுப் போய்வந்தோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள், “போட்ட வித்துடலாம்மா. வயசாயிடுச்சு” என்றார். ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. இன்னொரு பக்கம், இரண்டு பேராக ஒரு தடவைகூடப் போகவில்லையே என்ற ஆதங்கம். கடைசியாக ஒரே ஒரு தடவை போய்விடவேண்டும் என்று முடிவு செய்தேன். அவருக்குத் தெரியாமல் நாத்தனாருக்குப் போன் போட்டு, “இன்ஜின் ரிப்பேர் அண்ணி, இந்தத் தடவ வேணாம்” என்று கூசாமல் புளுகினேன்.

படகில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்.

“யாருமே வரலையா?”

“ஏங்க, என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?”

அவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனாலும் எலுமிச்சம்பழச் சாதத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்துவாரம் தாண்டி, ஆமை மாதிரி போய்க்கொண்டிருந்தார். காற்று முகத்தில் அடித்தது. இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன் என்று நினைத்தேன்.

நேர் எதிரே ஒரு கறுப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. வலை போட்டிருக்கிற அடையாளம். பார்த்திருப்பார் என்றுதான் இருந்தேன். படகு திரும்பவே இல்லை.

“ஏங்க, கொடி!”

“எங்க?”

“நேரா! மூக்குக்கு நேரா!”

பதறிப்போய் இன்ஜினை அணைத்தார். மிதவைகள் படகின் வயிற்றில் டொக் டொக்கென்று இடித்தன. பக்கத்து ஃபைபர் படகிலிருந்து ஒருவர் கத்தினார்: “யோவ் பெருசு, கண்ணு தெரில?”

அவர் சக்கரத்தைப் பிடித்தபடியே சொன்னார்: “தெரியல. ஓரம் தெரியுது, நடுவுல தெரியல. புகை மாதிரி இருக்குது.” அந்த ஆளுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

“எத்தினி நாளா?” என்றேன்.

“போட்டு வாங்குன வருஷத்துலருந்து. டாக்டர்கிட்ட காட்டினேன். இதுக்கு மேல ஜாஸ்தியாகாம பாத்துக்கலாம்னாரு. ஜாஸ்தியாயிடுச்சு.”

“அத்தினி சனத்த ஏத்திக்கிட்டு... அடப்பாவி மனுஷா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“சொன்னா அன்னைக்கே விக்கச் சொல்லியிருப்ப. நீயும் நானும் போலாம்னு சொல்லித்தானே வாங்கினேன்?”

அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முட்டிவலியோடு தவழ்ந்து தவழ்ந்து முனைக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... நேரா வாங்க” என்று துறைமுகம் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தேன். நாங்கள் இரண்டே பேராகப் போன ஒரே பயணத்தில் அவர் பின்னாலும் நான் முன்னாலுமாகத்தான் இருந்தோம். சாதம் தொடாமல் அப்படியே இருந்தது.

போட்டை விற்றாகிவிட்டது. நேற்று நாத்தனார் போன் செய்து, “ரிப்பேர் முடிஞ்சுதா?” என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். என் வீட்டுக்காரர் போனை வாங்கினார்.

“போட்டு இல்லக்கா. எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது. இந்தப் பௌர்ணமிக்கு மலையச் சுத்தலாம்னு இருக்கிறேன். எல்லாரும் வாங்க. எனக்கு முன்னாடி நடக்க ஆளு வேணும்.”

ஒரே மூச்சில் நாலு தரம் கூப்பிட்டார். நான் எழுந்து போய், பரணிலிருந்து பாய்களை இறக்கி மாடி வெயிலில் போட்டேன்.